ரிப்பேர் அண்ணன் அடித்த பழத்தயிர்

காஞ்சிபுரத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் பதினைந்தே நிமிஷத்தில் நிறுத்திவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ரிப்பேர் அண்ணன்தான். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, தெருவுக்கு அவர் ரிப்பேர். தபால்காரர்கூடக் கடிதத்தை நீட்டி, "இந்தா ரிப்பேரு, ஒனக்குத்தான்பா" என்பார்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமான ஆறாவது மாதம் கணவரின் வேலை மாற்றலில் திருச்சியிலிருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டு நெசவாளர்கள் குடியிருந்த தெரு. இரண்டு குடித்தனம் உள்ள வீடு. முன்பகுதியில் ரிப்பேர் அண்ணனும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும், பின்பகுதியில் நாங்கள். சாமான் இறக்கிய அன்று மாலையே அண்ணன் வந்து நின்றார். நெடுநெடுவென்ற உருவம், காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"ரேடியோ வச்சிருக்கீங்களாம்மா?"

விவரம் தெரியாமல் ஆமாம் என்றுவிட்டேன்.

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ அது. "உள்ள ஒரு எரைச்சல் கேக்குது தங்கச்சி, எடுத்துடறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து ரேடியோ திரும்பி வந்தபோது இரைச்சல் அப்படியே இருந்தது. பாட்டை எடுத்துவிட்டிருந்தார்.

எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் கதை இன்னும் மோசம். அவர் தறியில் உட்கார்ந்து இழையை எண்ணி எண்ணி நெய்கிறவர். அண்ணன் கைபட்ட அவருடைய சுவர்க் கடிகாரம் ஒரு மணிக்குப் பதினேழு தடவை அடிக்க ஆரம்பித்தது. அது அடிக்க அடிக்க ஏகாம்பரமும் கூடவே எண்ணி, தன் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். கடைசியில் ஒரு கல்யாணச் சேலையின் கரையில் ஒரு மயிலுக்கு மூன்று கால் முளைத்துவிட்டது.

"யோவ் ரிப்பேரு! மயிலுக்கு முக்காலி போட்டுட்டியேய்யா!" என்று அவர் தெருவில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனைக்கும் ஜனங்கள் ஏன் அவரிடம் பொருளைக் கொடுத்தார்கள் என்றால், கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். தடுத்தால் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடக் கடிகாரம் போனால் போகட்டும் என்று தோன்றிவிடும்.

வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் பாக்கியம் அக்காவால்தான். தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பார். குழந்தைகள் இல்லை. ராட்டையைச் சுற்றிக்கொண்டே புருஷனைக் கிண்டல் செய்வதுதான் அவருடைய முழுநேரப் பொழுதுபோக்கு. "நல்லவேளை கண்ணு, எங்க ஊட்டுக்காரரு டாக்டருக்குப் படிக்கல. ஊரு பொழைச்சுது" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கும் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரலில்தான் முதலில் கோளாறு வந்தது. கரகரத்தது. பிறகு சோறு தொண்டையில் அடைத்தது. தொண்டையில் புற்று என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தார்கள். திரும்பி வந்தவர் பாதி அக்காதான். கழுத்து கறுத்துச் சுருங்கியிருந்தது. தண்ணீராக எது கொடுத்தாலும் கொஞ்சம் இறங்கும், மற்றது எதுவும் இறங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கஞ்சி. பிறகு ஒருநாள் டம்ளரைத் தள்ளிவிட்டார்.

"பாவு நூலுக்குப் போடற கஞ்சியத்தான் எனக்கும் ஊத்தறீங்க. என்னையும் தறியில ஏத்தப் போறீங்களா?"

காற்றைப் போல வந்தது பேச்சு. அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வேற இன்னா வோணும் பாக்கியம்? சொல்லு, எதுனாலும் கொண்டாறேன்" என்றார்.

அக்கா வெகுநேரம் யோசித்தார். "மெட்ராஸ் எக்ஸிபிஷன்ல ஒரு தபா குடிச்சோமே. தயிரும் பழமும் ஒண்ணாப் போட்டு மெஷின்ல அடிச்சுக் குடுத்தானே. கொழகொழன்னு, ஜில்லுனு... அது இருந்தா குடிப்பேன்."

தயிரில் பழமா என்று தெருவே பதறியது. கபம் கட்டும், காய்ச்சல் வரும், உடம்புக்கு விஷம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணனுக்குத் துணையாக நானும் டாக்டரிடம் போனேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எது இறங்குதோ குடுங்கம்மா. எதுவும் பத்தியம் வேண்டாம்."

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனோ வெளியே வந்ததும், "பாத்தியா தங்கச்சி, பத்தியமே வேணாம்னுட்டாரு! அப்போ கொணமாயிக்கினு வருதுன்னுதானே அர்த்தம்?" என்றார். அந்தச் சந்தோஷத்தைச் சரிசெய்ய எனக்குத் துணிவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

அன்றே வேலை தொடங்கிற்று. முதலில் மத்து. கனிந்த வாழைப்பழம் இரண்டைத் தயிரில் போட்டுத் தூணில் கயிறு கட்டிக் கடைந்தார். பழம் ஒரு பக்கம், தயிர் ஒரு பக்கம் ஓடியதே தவிர இரண்டும் சேரவில்லை. சேர்ந்தது போலத் தெரிந்ததில் ஒரு ஸ்பூன் கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கட்டி தொண்டையில் சிக்கி, அக்கா மூச்சுக்குத் திணறிப்போனார். முதுகைத் தடவிக்கொண்டே அண்ணன், "நான் ஒரு மடையன், நான் ஒரு மடையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து பப்பாளி. என்னுடைய புது, மெல்லிய வாயில் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். முன்னே நின்ற எனக்குத்தான் அபிஷேகம். ஒருவழியாக ஒரு டம்ளர் தேறியது, கட்டியே இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் தயிர் அதற்குள் புளித்துவிட்டது. வெந்த தொண்டையில் புளிப்பு பட்டதும் அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"எப்பிடி இருக்குது?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அக்கா, கண்ணைத் துடைக்காமலே.

அண்ணன் நம்பவில்லை. "மெஷின்தான் வோணும்" என்று எழுந்து போனார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் எங்கள் மேஜை விசிறியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தார். பயனில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் தட்டிக்கொண்டிருந்தார். விசிறியின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஒரு முக்காலியில் கவிழ்த்துக் கட்டினார். இரண்டு எவர்சில்வர் ஸ்பூனை முறுக்கி முனையில் வைத்தார். கீழே பித்தளைக் குண்டான், அதில் தோல் உரித்த சப்போட்டாவும் அப்போதுதான் உறைந்த தயிரும். மாலை ஆறு மணி இருக்கும். அக்கா கட்டிலிலிருந்து பார்ப்பதற்குத் தோதாக எல்லாவற்றையும் நடு அறையில் வைத்திருந்தார்.

"பாக்கியம், பாத்துக்கினே இரு!"

சுவிட்சைப் போட்டார்.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. மறுநொடி குண்டானில் எதுவுமே இல்லை. அவ்வளவும் கூரையில் இருந்தது. சுவரில் இருந்த சாமி படங்கள் எல்லாவற்றுக்கும் தயிர்க்காப்பு. ஒரு ஸ்பூன் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. 'டப்' என்று ஒரு சத்தம், எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெரு முழுக்க விளக்கு போயிற்று.

எதிர்வீட்டிலிருந்து ஏகாம்பரம் லாந்தரோடு பாய்ந்து வந்தார். "யோவ்! அறுந்த எழையத் தேடிக்கினு இருக்கேன், லைட்டப் புடுங்கிட்டியேய்யா! நீ மனுசனா..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். லாந்தர் வெளிச்சத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். புருவத்திலிருந்து தயிர் சொட்டிக்கொண்டிருந்தது. தோள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு தயிர அடிக்கத் துப்பில்ல ஏகாம்பரம். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதக்கூட என்னால முடியல."

கட்டிலில் ஏதோ அசைந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கிற்று. கையை நீட்டிக் கூரையைக் காட்டினார், பிறகு அண்ணனைக் காட்டினார், மறுபடியும் சிரித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. அது இருமலில் போய் முடிந்து, துணியில் ரத்தம் வந்தது.

ஏகாம்பரம் லாந்தரைக் கீழே வைத்தார். கடிகாரம், மயில் எல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன். "பெரிய தெருவுல பட்டு ஜவுளி முதலாளி ஊட்ல சிங்கப்பூர் மிக்சி ஒண்ணு வந்திருக்குதுப்பா. நான் அவங்களுக்குத்தான் நெய்யறேன். கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

மறுநாள் போய்க் கேட்டார். அந்த வீட்டம்மா தெலுங்குக்காரர். சரி என்று ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ரிப்பேருடைய கீர்த்தி அந்தத் தெரு வரைக்கும் போயிருந்தது. மிக்சியிலிருந்து நாலடி தள்ளி அவர் நிற்க வேண்டும், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு.

நானும் கூடப் போனேன். ஏகாம்பரத்தின் ஏனாத்தூர் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்த புளிக்காத தயிர், நார் இல்லாத மாம்பழம், கொஞ்சம் சர்க்கரை. அம்மா எல்லாவற்றையும் போட்டு மூடியை அழுத்தினார். மிக்சி கர்ரென்றது. அண்ணன் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார்.

"ஒத்து! ஒத்து! வேணாம், கிட்ட வராதே! கை எங்கே?"

"பின்னாலதாம்மா இருக்குது" என்று திரும்பிக் காட்டினார். விரல்களை ஒன்றோடொன்று அவ்வளவு இறுக்கிப் பின்னியிருந்தார், நகங்கள் வெளுத்திருந்தன.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பத்து நாளாகத் தலைகீழாக நின்று பண்ண முடியாதது, மஞ்சளாக, பட்டுப்போல வழவழவென்று வந்தது. ஈரத்துணி சுற்றிய கூஜாவில் வாங்கிக்கொண்டு அவர் நடந்த நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

ஆறு ஸ்பூன் இறங்கியது. ஆறும் இருமல் இல்லாமல், வலி இல்லாமல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இதான்யா. இதேதான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். உலகத்தில் யாருமே சரிசெய்யாத ஒன்றைச் சரிசெய்துவிட்டவர் போல இருந்தது அந்த முகம்.

தினமும் போனார். தினமும் நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த நாள் ஐந்து ஸ்பூன். அதற்கப்புறம் நாலு. மிக்சியில் குறையில்லை, பழத்தில் குறையில்லை, தயிரும் புளிக்கவில்லை. தொண்டை மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு ஸ்பூனை நாக்கில் தடவினால் அதன் ருசியை வைத்துக்கொண்டு அக்கா படுத்திருப்பார், விழுங்க மாட்டார். அண்ணன் மட்டும், "நாளைக்குச் சக்கரை கொஞ்சம் கொறைச்சா எறங்கும்" என்பார். அதற்கும் நான் "ஆமாண்ணே" என்றேன். 

மிக்சிக்குப் போகத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

எல்லாம் முடிந்த மறுநாள் அண்ணனைக் காணோம். ஏகாம்பரம் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம் தேடினார்கள். பெரிய தெரு அம்மாதான் பிறகு எனக்குச் சொன்னார். வழக்கமான நேரத்துக்கு அண்ணன் வந்து, வழக்கமான இடத்தில் நின்றாராம். கையில் கூஜா இல்லை, பழம் இல்லை. அந்த அம்மா மிக்சியின் மூடியைத் திறந்தார். தன் வீட்டுத் தயிரையும் வாழைப்பழத்தையும் போட்டு அடித்து ஒரு டம்ளரில் நீட்டினார். அண்ணன் வாங்கி, நின்றபடியே முழுவதையும் குடித்தார்.

"இவ்ளோ நல்லா இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அத்தனை நாளும் அவர் ஒரு சொட்டுகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அக்காவுக்குக் குறைந்துவிடும் என்ற பயம்.

அதன் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். மூன்று வேளையும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தேன். சொன்னால் சாப்பிடுவார், சொல்லாவிட்டால் மறந்துவிடுவார். வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது என் கணவரைக் கேட்காமலே, "எங்களோட வந்துடுங்கண்ணே" என்றேன். "இந்த ஊர உட்டு எங்கம்மா வர்றது" என்று சொல்லி, பஸ் முனை திரும்பும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.

நான் வீட்டுக்கு மூத்த பெண், எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். ஆனால் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் காஞ்சிபுரத்து அண்ணனைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.