துவாய்க்குப் பின்னால் ஒன்பது பெண்கள்

நாலெழுத்துப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பிழையாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. அந்த வியாதியால் எனக்குக் கலியாணமே நடக்காமல் போகப் பார்த்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஒரு மீன்பிடிகாரரின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், வாத்தியாராகவும் ஆனவன். (அந்தத் தலைக்கனத்தைச் சுமக்கத் தனி மாட்டுவண்டி வேண்டும்.) பழைய ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வெட்டிய வர்ணப்படம் ஒன்றை அட்டையில் ஒட்டி, முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தேன். பாலே என்ற நடனம் ஆடும் ஒன்பது பெண்களை யாரோ ஐரோப்பிய ஓவியர் வரைந்தது. கால் விரல் நுனியில் நிற்கிறார்கள். குடைபோல் விரிந்த பாவாடை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. நான் பார்த்தது படத்திலிருந்த வெளிச்சத்தை. உம்மா பார்த்தது முழங்கால்களை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். மருதமுனையிலிருந்து ஒரு நெசவுக்காரர் தன் மகள் சஹீதாவுக்காக வருவதாகச் சொல்லியனுப்பினார். சஹீதாவை நான் ஒரே ஒரு தடவை பஸ்ஸில் பார்த்திருந்தேன். வேறு பெண் வேண்டாமென்று அன்றே முடிவெடுத்துவிட்டேன். (அவளைக் கேட்கவில்லை.)

"அவங்க வரக்குள்ள அந்தப் படத்தைக் கழட்டுடா!" என்றார் உம்மா.

"அது கலை உம்மா."

உம்மா கலையோடு வாதாடவில்லை. ஒரு துவாயை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டார்.

நெசவுக்காரர் வந்தார், சாப்பாடும் முடிந்தது. கை கழுவிவிட்டு வந்து, துடைப்பதற்கு அந்தத் துவாயை இழுத்தார்.

ஒன்பது பேரும் வெளியே வந்தார்கள்.

"ஆரு மகன் இவங்க?"

வாப்பா முந்திக்கொண்டார். "ஆசுபத்திரி நேர்ஸ்மார். மகன் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள பார்த்தவங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்ல வாப்பா, இவங்க ஆட்டக்காரியள்" என்றேன். பிறகு, நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, "சத்தியமா ஒருத்தரையும் எனக்குத் தெரியா மாமா" என்றும் சொன்னேன்.

கதவுக்குப் பின்னால் உம்மாவின் "யா அல்லாஹ்" கேட்டது. வாப்பா கூரையில் ஓடு எண்ணத் தொடங்கினார். நெசவுக்காரர் படத்தில் மூக்கு முட்ட நின்றார். என் மனக்கண்ணில் சஹீதா பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"துணி தொங்காம நிக்குதே!" என்றார் அவர். "எத்தின தரம் கஞ்சி போட்டிருப்பான்?"

"அதுவும் தெரியா மாமா."

அவர் வாப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீங்க நீட்டின பொய்யைக்கூடப் பிடிக்கத் தெரியாத புள்ள. என்ட மகளை ஏமாத்த இவரால ஏலா. நாளைக் குறிப்பம்."



கலியாணமாகி, வழக்கப்படி நான் மருதமுனைக்குக் குடிபோனேன். மாமா படத்தை இரவல் வாங்கித் தறிக்குப் பக்கத்தில் சாத்திவைத்து, ஒரு மாதம் கஞ்சியோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஒரு வட்டத்துணி பலகைபோல் விறைத்து நின்றது. அதை உடுத்த மருதமுனையில் ஆள் இல்லை. இன்றைக்கும் எங்கள் குசினியில் ஈ மொய்க்காமல் கறிச்சட்டியை மூடுவது அதுதான். பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பினால் சஹீதாவின் குரல் தெருவரை கேட்கும்:

"ஆணத்துச் சட்டிக்கு வாப்பாட ஆட்டக்காரிட பாவாடையைப் போட்டு மூடுங்க!"