நுரை நிலையத்தில் ஒரு பாஸான் அங்கி

மனித குலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்துவிட்டுக் களைத்துப்போனதால், மிச்சமிருந்த மாபெரும் வேலையை பமாகோ நகரின் தேசிய நுரை ஆய்வு நிலையம் தலையில் போட்டுக்கொண்டது. எந்தப் பரப்புச் செயலி பருத்தியை எப்படி வெளுக்கிறது என்று 'ஆழ்ந்து' ஆராய்வதே அந்த வேலை. துணியிலிருந்து அழுக்கைப் பிரிக்கும் வேதிப்பொருளுக்குத்தான் இத்தனை பெரிய பெயர். நிலையத்தின் அளவுகோல் எளிது: நுரை உயர்ந்தால் விஞ்ஞானம் உயர்ந்தது.

அன்று ஒரு சிக்கல். புதுச் சலவைப் பொடியைச் சோதிக்க நிலையத்தில் துணி இல்லை. மாலையில் தங்கை கல்யாணத்தில் போட்டுக்கொள்ள வேதியியலாளர் நியகலே கெய்த்தா பையில் வைத்திருந்த பாஸான் அங்கியின் மேல் இயக்குநர் தியெமோகோ கூலிபாலியின் கண் விழுந்தது. கட்டையால் அடித்து மெருகேற்றிய பருத்தி அது. நடந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்க வேண்டும். தொய்ந்துபோன பாஸானோடு கல்யாண வீட்டில் தலைகாட்ட முடியாது.

"வேண்டாங்கய்யா. இந்தச் செயலி போர்வைக்குச் சரி. நூல்ல ஒட்டிக்கிட்டு பாஸானைத் துவள வச்சிடும்."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். கெய்த்தாக்களும் கூலிபாலிகளும் பரம்பரைக் கேலி உறவுக்காரர்கள். ஒருவர் என்ன சொன்னாலும் மற்றவர் கோபிக்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, நம்பவும் மாட்டார்.

"கெய்த்தாவுக்கு சோப்பைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"காராமணி தின்னிக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்று கூலிபாலிகளைச் சீண்டும் பழைய வசவு அவள் வாயில் வழக்கம்போல வந்துவிட்டது. ஆய்வுக் குழுவே கைதட்டியது. எச்சரிக்கை 'நகைச்சுவை' என்று பதிவாயிற்று.

அவள் அங்கி வாளிக்குள் போனது. நுரை விளிம்பைத் தாண்டியதும் குழு எழுந்து நின்று மரியாதை செலுத்தியது. வெயிலில் காய்ந்த பிறகும் பாஸான் நமுத்துப்போன அப்பளம் மாதிரி தொங்கியது.

"என்ன ஒரு மென்மை" என்றார் இயக்குநர். "ஏகமனதாக அங்கீகரிக்கிறோம்."

நியகலேவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மிச்ச நுரைத் தண்ணீரைத் தூக்கி, இயக்குநர் போட்டிருந்த பளபளக்கும் பாஸான் அங்கியின் மேல் கவிழ்த்தாள்.

"கோவிக்கக் கூடாது அண்ணே. வழக்கம்."

கோபிக்க வழியில்லாத கூலிபாலி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அங்கீகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். இனி நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பொடிதான் என்று முழங்கினார். பிறகு ஓரமாகப் போய் அங்கியைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்தார்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போ. நம்ம பழைய ஷியாக்கொட்டை சோப்பு போட்டு அலசச் சொல்லு. இந்தப் பொடி துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. நல்ல துணிப்பா இது."