வாங்காத காரின் நாலு டயர்

வாங்காத காரை ஓட்டி, அது வழியில் பஞ்சராகி, அதனால் ஆபீசுக்கு லேட்டாக வந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ‘பார்க்கலாம் சார்’தான். நான் சத்தியம் பண்ணத் தயார். வேண்டுமானால் எங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பாருங்கள்.

மன்னார்புரத்து ஆபீசில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. காபியா டீயா என்று கேட்டால் “பார்க்கலாம்” என்பார். கேன்டீன்காரர் இரண்டையும் வைத்துவிட்டுப் போவார், இரண்டும் ஆறிப்போகும். ஒருமுறை ஃபேன் போடட்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர் கார் வாங்கப்போகிறேன் என்றதும் ஆபீசே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம் நியாயமானதுதான். அவருடைய ஒரே மகள் பச்சைமலை மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். கீழே இறங்கி வர அவளுக்கு லீவு கிடைப்பதில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் அவர் மனைவி, எங்கள் மாமிக்கோ மகளைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. மலைக்கு பஸ் குறைவு. ஒரே ஒரு தடவை அதில் போய்வந்த மாமி, இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டார். கார் வந்தால்தான் தாயும் மகளும் முகம் பார்க்கலாம் என்கிற நிலைமை.

மாடல், கலர் எல்லாம் மாமியே ஒரு நாளில் முடித்துவிட்டார். ஷோரூமில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். “டயர் எது சார் போடட்டும்? சாதாரண டயரா, ரன் ஃபிளாட்டா?”

அதோடு போச்சு. ஏழு மாதம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரன் ஃபிளாட் என்பது பக்கமெல்லாம் தடித்த டயர். காற்று போனாலும் படுத்துவிடாது, மெதுவாக ஒரு எண்பது கிலோமீட்டர் ஓடும். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. ஆனால் கட்டை மாதிரி இருக்கும், ரோட்டுக் குழி அத்தனையும் முதுகில் ஏறும். சாதாரண டயர் மெத்தென்று போகும். பஞ்சரானால் இறங்கி, ஜாக்கி வைத்து, ஸ்டெப்னியைத் தூக்கி மாட்ட வேண்டும்.

தினமும் மதியம் தயிர்சாதம் முடிந்ததும் பார்க்கலாம் சார் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கையும் மேஜை விளிம்பில் ஸ்டியரிங் பிடித்த மாதிரி இருக்கும். முகத்தில் ஒரு சாந்தம் வரும்.

“எங்க சார் இருக்கீங்க?” என்பேன்.

“கொள்ளிடம் பாலம். நல்ல காத்து” என்று தலையைக் கோதிக்கொள்வார். சற்றுப் பொறுத்து, “மண்ணச்சநல்லூர்ல அரிசி லாரி மறிச்சிண்டு நிக்கறது” என்பார். யாராவது கையெழுத்துக்கு ஃபைலை நீட்டினால், “செத்த இருங்கோ, ஓவர்டேக் பண்ணிண்டிருக்கேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் துறையூர் தாண்டிவிட்டால் நானும் பேனாவை மூடி வைத்துவிடுவேன், பொய் சொல்வானேன். மலை ஏற ஆரம்பித்ததும் அவர் குரல் தாழ்ந்துவிடும். “மேகம் இறங்கறது... ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்... மரவள்ளிக் காட்டு வாசனை... மாமி தூங்கறா...” ஆபீசில் கீபோர்டு சத்தம் நின்றுபோகும். ஏப்ரல் மாத மன்னார்புரத்தில், தார் உருகும் வெயிலில், என் கழுத்தில் ஈரக்காற்று பட்டது என்றால் நம்புவீர்களா? பட்டது.

சரியாக மூன்றாவது வளைவில் பஞ்சர் ஆகும். சாதாரண டயர் போட்ட நாட்களில், இறங்கி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் கை வைத்ததும் விழித்துக்கொண்டு நெஞ்சைத் தடவிக்கொள்வார். ரன் ஃபிளாட் நாட்களில், காற்றுப் போன டயரோடு கொஞ்ச தூரம் ஏறுவார். பிறகு இடதுபக்கம் திரும்பி, மாமியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார், விழித்துக்கொள்வார். ஒரு நாளும் மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

“கனவுதானே சார், பஞ்சராகாம ஒரு நாளாவது போய்ச் சேரக் கூடாதா?” என்று கத்தினேன்.

“கனவுன்னா ரோட்டுல ஆணி இருக்கப்படாதா?” என்றார்.

ஒரு நாள் காலையில் டவுன் பஸ்ஸிலேயே கண்ணை மூடிவிட்டார். பஸ் மன்னார்புரத்தைத் தாண்டி, ஏர்போர்ட் போய் நின்றபோது கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். சூப்பரிண்டெண்டிடம் இவர் கொடுத்த காரணம், “பஞ்சர் சார்.” பஸ்தான் பஞ்சர் என்று அந்த மனுஷனும் நம்பிவிட்டார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மாமியே எனக்கு ஃபோன் பண்ணினார். “நீங்களும் ஷோரூமுக்கு வாங்கோ. இன்னிக்கு முடிக்கலேன்னா இனிமே முடியாது.” இன்று நாலு திட்டு திட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

ஷோரூம் பெண் பொறுமையாகச் சொன்னாள். “இன்னைக்குச் சொல்லலைன்னா புக்கிங் கேன்சல் ஆயிடும் சார். திரும்பவும் மாசக்கணக்குல காத்திருக்கணும்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள்,

“சாதாரண டயர்” என்றார் பார்க்கலாம் சார்.

“ரன் ஃபிளாட்” என்றார் மாமி, அதே நொடியில்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இந்த மனிதர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டிருக்கிறார்.

“ஏன்னா, ஸ்டெப்னியை யார் தூக்கறதாம்?” என்றார் மாமி. “நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிண்டு? கனமா எதையும் தூக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரோன்னோ?”

“உன் இடுப்பு என்னாறது? டெஸ்ட் டிரைவ்ல ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் நீ பல்லைக் கடிச்சிண்டதை நான் பாக்கலைன்னு நினைச்சியா?”

“நான் பொறுத்துப்பேன்.”

“நானும் தூக்கிடுவேன்.”

“தூக்குவேள். அப்புறம் நான் என்ன பண்றது? நடு மலையில ஃபோனுக்கு சிக்னல் கூடக் கிடையாது.”

ஸ்டென்ட்டா? போன வருஷம் பத்து நாள் லீவு போட்டவர், திருப்பதி போனேன் என்று எங்கள் எல்லாருக்கும் லட்டு வேறு கொடுத்தார். அந்த லட்டை எங்கே வாங்கினாரோ. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஏழு மாதமாக அவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“சாதாரண டயரே போடும்மா. ஸ்டெப்னியை நான் தூக்கறேன். ஞாயித்துக்கிழமை தோறும் நானும் வரேன்” என்றேன்.

பார்க்கலாம் சார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “உங்களுக்கு டயர் மாத்தத் தெரியுமா?”

“என்ன சார் கேள்வி இது” என்றேன். சைக்கிளுக்குக் காற்றடித்ததோடு சரி, வேறொன்றும் தெரியாது. மறுநாள் விடிந்ததும் பஞ்சர் கடையில் போய் நின்றேன்.

“கார் எங்க சார்?” என்றார் கடைக்காரர்.

“இன்னும் வரலைங்க. டயர் மட்டும் மாத்திப் பழகணும்.”

ஏழு மாதமாக நான் பார்க்கலாம் சாரைப் பார்த்த அதே பார்வையை அவர் என் மேல் போட்டார். மூன்று நாளில் கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் நகம் ஒன்று போனது.

கார் வந்த பிறகு முதல் ஞாயிறு. மேகம் அவர் சொன்னபடியே இறங்கியது. மாமி தூங்கினார். மூன்றாவது வளைவு வந்தபோது நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். வளைவு தாண்டியது, மலையும் முடிந்தது. வாசலில் மகள் நின்றிருந்தாள். யார் கையையும் பிடிக்காமல் மாமி இறங்கி நடந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார். பார்க்கலாம் சார் ஸ்டியரிங்கை விடாமல் அழுதார். பின் சீட்டில் நானும் அழுதேன்.

இருபது ஞாயிறு ஆகிவிட்டது, இதுவரை ஒரு பஞ்சர் கூட இல்லை. என் திறமையைக் காட்ட இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாமியின் புளியோதரை மட்டும் தவறாமல் கிடைக்கிறது.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தேன்.

சூப்பரிண்டெண்ட் கண்ணாடியைக் கழற்றினார். “கல்யாணமே பண்ணிக்காத ஆளு நீங்க. உங்களுக்கு ஏதுங்க குடும்பம்?”

“ஸ்ரீரங்கத்துல இருக்கு சார்” என்றேன்.