ஓர் ஆண்மகன் எழுதிய கார்டுகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் செய்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒருவன் வயிறாரச் சாப்பிட்டால் கையைக் கழுவினான், ஏப்பம் விட்டான், போய்ப் படுத்தான். இப்போது என்னவென்றால், இன்ன குழம்பு தின்றேன், உப்பு இத்தனை இருந்தது என்று நாலு பேரிடம் சொன்னால்தான் செரிக்கிறது. சோற்றுக்கே இப்படி என்றால் புத்தகத்துக்குக் கேட்கவா வேண்டும்? படித்தாயா, மூடி வை. அதை எதற்கு ரோட்டில் எழுதிப் போட வேண்டும்?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பீர் மைதீனின் நோட்டுக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்று ஆவுடையப்பன் இப்படித்தான் யோசித்தார். பலகையின் அடியில் இருந்தது அவர் மகள் பெயர்.

ஆவுடையப்பன் முப்பத்திரண்டு வருஷம் நூல் மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். வெளியே போகிற ஒவ்வொரு தூக்குச்சட்டியையும் திறந்து, மிச்சச் சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவி, உள்ளே நூல்கண்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆளை விடுவார். ஒரு தடவை முதலாளியின் மாமனார் கொண்டுவந்த தாம்பூலப் பையையும் துழாவிவிட்டார். அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசித்ததை நம்பமாட்டார்.

அரை மணி நேரம் நின்று வாசித்ததில் விஷயம் இவ்வளவுதான்: “இந்த வாரம் நான் படித்த நாவல் மிகவும் நன்றாக இருந்தது. எல்லோரும் படிக்கவும். — அய்யம்மாள், பி.ஏ. மூன்றாம் ஆண்டு.”

“பாய், இது என்ன கூத்து?”

“நாந்தான் எழுதச் சொன்னேன் அண்ணாச்சி,” என்றார் பீர் மைதீன். “பலகை சும்மாதான கெடக்கு. ஒங்க மக காலேஜு பஸ்ஸுக்கு நிக்கையில நாலு வரி எழுதிட்டுப் போகும். பஸ்ஸுக்கு நிக்கவன்லாம் படிக்கான்.”

“படிச்சிட்டு ஒரு பென்சிலாவது வாங்குதானா?”

பீர் மைதீன் கூரையைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “ஏட்டி அய்யம்மா, இந்த வாரத்தோட எல்லாம் நின்னுரணும். பொம்பளப் புள்ள பேர ரோட்டுல போறவன்லாம் வாசிக்கான். பரீட்சை முடிஞ்சதும் ஒனக்கு வத்திராயிருப்புல கல்யாணம். போலீஸ்கார மாப்ள. அவிய காதுல விழுந்தா என்ன நெனப்பாக?”

“சரிப்பா,” என்றாள் அய்யம்மாள்.

மறுபேச்சு இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைக்கவில்லை. நல்ல பிள்ளை. தன் வளர்ப்பு அப்படி என்று ஆவுடையப்பன் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் பீர் மைதீன் கைதட்டிக் கூப்பிட்டார். பலகையின் ஓரத்தில் ஒரு தபால் கார்டு ஒட்டியிருந்தது. ‘கரும்பலகை, பீர் மைதீன் நோட்டுக்கடை, ராஜபாளையம்’ என்று விலாசம். ஸ்ரீவில்லிபுத்தூர் முத்திரை. எழுத்து, சேற்றில் விழுந்து எழுந்த கோழி நடந்தது போல இருந்தது.

“வாசிங்க பாய்.”

“‘அய்யம்மாள் என்னும் பெண்பிள்ளை எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். ராஜபாளையத்தில் ஆண்பிள்ளைகளே இல்லையா? அவளுடைய தகப்பனாருக்குத் தைரியம் இருந்தால் நிறுத்தச் சொல்லட்டும். இப்படிக்கு, ஓர் ஆண்மகன்.’”

ஆவுடையப்பனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

“நிறுத்தச் சொல்ல இவன் யாரு?”

“நீங்களும் அதத்தான அண்ணாச்சி சொன்னீக?”

“நான் சொல்லுவேன். எம்மக, நான் வைவேன், நிறுத்துவேன். இவன் யாருங்கேன்? சீவில்லிபுத்தூர்க்காரனுக்கு ராசாளயத்துல என்ன சோலி?”

அன்றைக்கே ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போய் மகள் முன்னால் வைத்தார். “எழுது. பெருசா எழுது. பஸ்ஸுக்குள்ள இருக்கவனுக்கும் தெரியணும்.”

“வேண்டாம்ப்பா, நீங்கதான சொன்னீங்க...”

“இப்பவும் நாந்தான் சொல்லுதேன். எழுதுட்டி!”

அவள் எழுதினாள். அடுத்த வாரமே பதில் கார்டு வந்துவிட்டது. “‘நன்றாக இருந்தது’ என்கிறார். பலாப்பழமும்தான் நன்றாக இருக்கிறது. கதையில் எது நன்றாக இருந்தது, ஏன்? சொல்லத் தெரியாவிட்டால் வீட்டில் பாத்திரம் கழுவலாம். — ஓர் ஆண்மகன்.”

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிரித்தது. தென்காசி பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “அதான, என்ன நல்லாருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனான். ஆவுடையப்பனுக்கு மானம் போய்விட்டது.

“ஏட்டி, கேக்கான்ல? பதிலச் சொல்லு.”

“சொல்லணும்னா இன்னும் நாலு புஸ்தகம் படிக்கணும்ப்பா. வீட்டுல எங்க நேரம் இருக்கு? வேல சரியா இருக்கு.”

“இன்னையிலருந்து நீ ஒரு சட்டியத் தொடக்கூடாது.”

இதைச் சொல்லும்போது சட்டியை யார் தொடுவது என்று அவர் யோசிக்கவில்லை. மனைவி வெள்ளத்தாய் யோசித்தாள். மறுநாள் காலையில் எச்சில் பாத்திரங்களைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

“இந்தாங்க. அந்த ஆம்பள சொன்னதுக்கு ஆம்பளயே கழுவட்டும்.”

ஒரு காலத்தில் மில்லில் ஆயிரம் பேரின் தூக்குச்சட்டியைத் துழாவிய கை, கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தது. அய்யம்மாள் மச்சில் உட்கார்ந்து படித்தாள். லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்துவரும் வேலையும் எப்படியோ அவர் தலையிலேயே விழுந்தது. முதலில் வந்தவை கைக்குள் அடங்குகிற புத்தகங்கள். ஆடி போய் ஐப்பசி வருவதற்குள் செங்கல் கனத்துக்கு வந்துவிட்டன. “இவ படிக்காளா, வீடு கட்டுதாளா?” என்று முனகியபடி சுமந்தார்.

பலகையில் எழுத்தும் மாறிக்கொண்டு வந்தது. “இந்தக் கதாநாயகி முந்நூறு பக்கமும் அழுகிறாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எழுதியவருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்” என்று ஒரு வாரம் எழுதியிருந்தாள். கார்டு விடவில்லை: “அழுகிறவளைக் கேலி செய்வது எளிது. அவள் சிரித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாரா?” அடுத்த வாரம் அய்யம்மாள் அதே புத்தகத்தை மறுபடி படித்து, தான் போன வாரம் எழுதியது பாதி தப்பு என்று எழுதினாள். ரோட்டில், பெரிய எழுத்தில். தப்பை ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு சாக்பீஸ் எதற்கு என்று ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனிப் பொறுப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தனக்கு ஆகாதவன் யார்? வெள்ளத்தாயின் தம்பி சின்னக்கருப்பன். பால்கோவாக் கடை. போன பொங்கலுக்குத் தனக்கு எடுத்துக்கொடுத்த வேட்டியில் ஒரு முழம் குறைந்திருந்தது. அவனாகத்தான் இருக்கும்.

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினார். சின்னக்கருப்பன் வாணலியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

“ஏலே, கைய நீட்டு.”

“என்ன மச்சான், வந்ததும் வராததுமா?”

“கையில மை இருக்கான்னு பாக்கணும். கார்டு எழுதுறது நீதான?”

“எந்தக் கார்டு? மச்சான், பால விட்டுட்டு நான் மூக்கச் சொறியக்கூட முடியாது, கார்டா எழுதப் போறேன்?”

ஆவுடையப்பன் நம்புவாரா? கல்லாவைத் திறந்தார். சீனி மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். சின்னக்கருப்பன் கரண்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடிக்க ஓடிவந்தான். இரண்டு பேரும் இழுபறியில் இருந்த நேரத்தில் வாணலி வேலையைக் காட்டிவிட்டது. கருகிய வாடை தேரடி வரைக்கும் போனது.

“இருபது லிட்டர் பாலு!” சின்னக்கருப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “ஒரு வார்த்த கேட்டுக்கோங்க மச்சான். அந்த வத்திராயிருப்பு மாப்ள நான் பேசிவச்ச எடம். இன்னைக்கே ஆள் விட்டு வேண்டாம்னு சொல்லிருதேன். சீனி மூட்டையவே நம்பாத மனுசன் சம்பந்தியவா நம்பப் போறீரு?”

சொன்னபடி செய்துவிட்டான். வெள்ளத்தாய் நாலு நாள் வீட்டில் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி மகளிடம் போனார்.

“மாப்ள எடம் தட்டிப்போச்சு தாயி.”

“போனாப் போகுதுப்பா,” என்றாள் அய்யம்மாள், பக்கத்தைத் திருப்பியபடி. “உங்க மனசு சங்கடப்படக் கூடாது.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவர் அன்றைக்குப் பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்தார்.

அடுத்து அவர் தன் பழைய தொழிலையே கையில் எடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பலகைப் பக்கம் ஒதுங்குகிற ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒரு காகிதத்தில் ‘ஓர் ஆண்மகன்’ என்று எழுதச் சொன்னார். பதினோரு பேர் எழுதினார்கள். மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள். ஒருவர், “மண்ணெண்ணெய்க் கார்டுக்கா?” என்று கேட்டுப் பெயரும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் கார்டோடு வைத்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்புக் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. பதினோரு பேரும் கூட்டுக் களவாணிகள் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தக் கூத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பார்த்தவர்கள் பலகையைப் படித்தார்கள். படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ‘அய்யம்மாள் சொன்னது சரி’ என்றும் ‘ஆண்மகன் கேட்டது நியாயம்’ என்றும் மில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். புத்தகத்தை இரண்டு கட்சியும் படித்திருக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அய்யம்மாள் எழுதியதைப் பீர் மைதீன் மெதுவாக வாசித்துக் காட்டினார்: “இந்த நாவலில் வரும் தகப்பன் எல்லோரையும் சந்தேகப்படுகிறார். அவர் கெட்டவர் இல்லை. யாரையாவது நம்பிவிட்டால் தனக்கு வேலை இல்லாமல் போய்விடுமே என்று பயப்படுகிறார். ஆசிரியர் இதை எங்கும் சொல்லவில்லை. அவர் கதவைச் சாத்துகிற விதத்தில் நான் கண்டுகொண்டேன்.”

வாசித்துவிட்டுப் பீர் மைதீன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“எவன் பாய் அந்தக் கிறுக்குப் பய?” என்றார் ஆவுடையப்பன். “வீட்டுல எப்படித்தான் வச்சிருக்காகளோ.”

சித்திரையில் பரீட்சை முடிந்தது. மதுரையில் எம்.ஏ. படிக்க அய்யம்மாள் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். “மதுரையா? ஹாஸ்டலா? பேச்சே கெடையாது,” என்று அவர் அதைத் தூக்கி அரிசிப் பானைமேல் போட்டார். அவளும் வழக்கம்போல, “சரிப்பா” என்றாள்.

மூன்றாம் நாள் கார்டு வந்தது. “எம்.ஏ. படிக்க ஆசையாமே! தகப்பனார் விடமாட்டார் என்று கேள்வி. இப்போதுதான் அவர் என் வழிக்கு வந்திருக்கிறார். வாழ்த்துகள். — ஓர் ஆண்மகன்.”

“வீட்டுக்குள்ள நடக்கது இவனுக்கு எப்படித் தெரியும்?” ஆவுடையப்பன் கத்தினார். “உளவு வச்சிருக்கான் பாய்! காலையில வீட்டுக்குப் பால் ஊத்த வாரானே, அவன்தான்!”

பால்காரனை நிறுத்தினார். அரிசிப் பானைமேல் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துத் தட்டினார். தன் கையெழுத்தை, ஒவ்வொரு எழுத்தாக, காகிதம் கிழியும்படி அழுத்திப் போட்டார். ரிஜிஸ்தர் தபாலில் தானே அனுப்பினார். அனுப்பின ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதைப் பலகையில் ஒட்டி அந்த ஆண்மகனின் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும் என்று நேரே நோட்டுக்கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பீர் மைதீன் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி ஹபீபுன்னிசா உட்கார்ந்திருந்தாள்.

“தங்கச்சி, பசை இருந்தா குடும்மா. எம்மக எம்.ஏ. படிக்கப் போறா. அந்தக் கார்டு எழுதுற களவாணிப்பய பாத்து வயிறெரியட்டும்.”

ஹபீபுன்னிசா பசை டப்பாவை எடுத்து வைத்தாள். பிறகு அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“அப்ப இன்னும் ஒங்களுக்குத் தெரியாதா அண்ணே? அந்தக் கார்டெல்லாம் ஒங்க அய்யம்மாதான் எங்க வீட்டு அடுப்படியில ஒக்காந்து எடது கையால எழுதி, சீவில்லிபுத்தூர் பஸ்ஸுல போறவுக கையில குடுத்து அங்க தபால்ல போடச் சொல்லும். ‘நிறுத்துன்னு எங்கப்பா சொன்னா நின்னுரும்க்கா, வேற எவனாச்சும் நிறுத்துன்னு சொன்னாத்தான் எங்கப்பா நிறுத்த விடமாட்டாக’ன்னு மொத நாளே சொல்லிச்சே!”

ஆவுடையப்பன் பசை டப்பாவைத் தள்ளி வைத்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்தார். அலமாரியில் ஒரு கட்டுத் தபால் கார்டு இருந்தது. மை புட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

“பொண்டாட்டிக்கு இப்படிச் சொல்லிக்குடுத்து ஒக்கார வச்சிட்டுத் தொழப் போயிருக்காரோ பாயி?” என்றார். “எம்மக எதுக்கும் எதிர்த்து ஒரு வார்த்த பேசமாட்டா தங்கச்சி. ‘சரிப்பா’ங்கிறதத் தவிர அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி, வெயிலில் விறுவிறுவென்று நடந்தார், பீர் மைதீனின் விரலில் மை இருக்கிறதா என்று பார்க்க, பள்ளிவாசலைப் பார்த்து.