வாடகைக் காருக்குப் பூஜை

ஒரு காட்டில் தணிகாசலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். இந்தக் கதை நடந்தபோது மட்டும் அவர் அங்கே இல்லை. மனைவி சிவபாக்கியத்துடன் பதினோரு மணி நேரம் விமானத்தில் பறந்து, பைன் மரங்கள் அடர்ந்த ஒரு வெளிநாட்டுக் காட்டில் வந்து இறங்கியிருந்தார். அங்கே எல்லோரும் பேசியது வேறு மொழி. உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன். நன்றியெல்லாம் வேண்டாம்.

அவர்களுடைய ஒரே மகள் மேகலா கல்யாணமாகி அந்த நாட்டில்தான் குழி தோண்டிக் குடியிருந்தாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அன்று புதன்கிழமை, வளைகாப்பு. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் ஆரம்பமாகிவிடும். அதற்குள் தாய்வீட்டுக் கண்ணாடி வளையல் மகள் கையில் ஏறியாக வேண்டும். வளையல் டப்பாவைச் சிவபாக்கியம் விமானத்தில்கூட மடியை விட்டு இறக்கவில்லை.

விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்து, இரண்டு மணி நேரம் ஓட்டி, மகளின் ஊரிலுள்ள கிளையில் காரை ஒப்படைத்துவிட வேண்டும். கிளைக்கு எதிர்ச் சாரியில்தான் மகள் வீடு. அவர்கள் இறங்கியபோது மணி எட்டு. நேரம் தாராளமாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் தணிகாசலத்தைத் தெரியாது.

அவர் பொந்துப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டதே இல்லை. தன் கல்யாணத்தன்றுகூட, புரோகிதரைக் காக்க வைத்துவிட்டு, பதிவேட்டின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் கையெழுத்திட்டார்.

கார் கம்பெனி கவுண்டரில் ஒரு நரி டை கட்டிக்கொண்டு நின்றது.

"இன்சூரன்ஸ் எது வேணும் சார்?" என்றது நரி.

"எனக்கு ஊர்லயே கார் இன்சூரன்ஸ் இருக்கே."

"அது உங்க காட்டு எல்லையோட முடிஞ்சுபோச்சு சார்."

"என் கிரெடிட் கார்டுல வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் சேர்த்துத் தர்றதா எழுதியிருக்கு." தணிகாசலம் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். எந்த வரி என்று அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார்.

"அருமை சார். ஆனா எங்க இன்சூரன்ஸை நீங்க வேணாம்னு சொன்னாத்தான் அது வேலை செய்யும். வேணாம்னு சொன்னா, இந்தக் காரோட பாதி விலையை டெபாசிட்டா உங்க கார்டுல நிறுத்தி வைப்போம். அவ்வளவு உங்க கார்டு தாங்குமா?"

கார்டு தாங்காது. நரிக்கும் அது தெரியும். அது மூன்று வண்ணத் தாள்களை எடுத்துப் பரப்பியது. நிம்மதி, பெரு நிம்மதி, பரம நிம்மதி என்று மூன்று திட்டங்கள்.

"நிம்மதி எடுத்தா, நீங்க மோதின ஆளுக்குக் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது. பெரு நிம்மதியில காருக்கும் உண்டு, ஆனா முதல் பெரிய தொகை உங்க பொறுப்பு. பரம நிம்மதி எடுத்துட்டா ஒரு கவலையும் இல்ல சார். காலை நீட்டித் தூங்கலாம்."

"ஓட்டும்போதா?" என்றாள் சிவபாக்கியம்.

தணிகாசலம் பரம நிம்மதியை எடுத்தார். பிறகு அதன் நிபந்தனைகள் அடங்கிய நாற்பத்தாறு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. ஒரு வாத்துக் குடும்பம் வெறுத்துப்போய் நடந்தே கிளம்பிவிட்டது. சிவபாக்கியம் பதினேழு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். படித்து முடித்தபோது மணி ஒன்பதேகால். எல்லாம் புரிந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெளியே கார் தயாராக இருந்தது. பளபளவென்று வெள்ளை நிறம். பக்கத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி கையில் டேப்லெட்டுடன் நின்றது. காரில் ஏற்கெனவே என்னென்ன சேதம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்குவது அதன் வேலை.

"ஒரு சேதமும் இல்ல மேடம். புத்தம் புது வண்டி" என்றது ஒட்டகச்சிவிங்கி.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"புது வண்டியா?" என்றாள் சிவபாக்கியம். "ஏங்க, புது வண்டிய பூஜை போடாம எடுக்கறதா?"

"இது நம்ம வண்டி இல்ல பாக்கியம். ரெண்டு மணி நேரத்துக்கு வாடகை."

"போறது நம்ம உசுருதானே?"

இதற்கு நாற்பத்தாறு பக்கத்திலும் பதில் இல்லை. சிவபாக்கியம் கைப்பையைத் திறந்தாள். விமான நிலையக் கடையில் வாங்கிய நான்கு எலுமிச்சைகளை நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தாள். மஞ்சள் தண்ணீரை உள்ளே சீட்டு முழுக்கத் தெளித்தாள். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை எடுத்து, முன்கண்ணாடியில் ஒன்று, பானெட்டில் மூன்று, பக்கக் கண்ணாடிகளில் ஒவ்வொன்று, கதவுக்குக் கதவு ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கூரை எட்டவில்லை.

"தம்பி, நீ உசரமா இருக்க. மேல ஒரு பொட்டு வச்சிடு, புண்ணியமாப் போகும்."

ஒட்டகச்சிவிங்கி நல்ல பிள்ளை. வைத்தது. வைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்தது.

"மேடம், கம்பெனி நிறத்துல இல்லாத எதையும் நான் சேதம்னு குறிச்சாகணும். இல்லேன்னா துடைச்சிடுங்க."

"துடைக்கறதா! நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல பொட்ட அழிக்கச் சொல்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

ஒட்டகச்சிவிங்கி பயந்துபோய்த் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. "குங்குமம்னு இதுல இல்ல மேடம். கீறல், நசுங்கல், உடைசல், கிழிசல். இந்த நாலுல ஒண்ணைத்தான் அமுக்க முடியும்."

"ஏதாவது ஒண்ண அமுக்கு தம்பி. நேரமாகுது."

அது இடத்துக்குப் பொருத்தமாகப் பார்த்து அமுக்கியது. கூரைக்கு நசுங்கல். கண்ணாடிகளுக்கெல்லாம் உடைசல். சீட்டுக்குக் கிழிசல். மற்ற இடங்களுக்குக் கீறல்.

"இது தப்பான பதிவு. நான் ஆட்சேபக் குறிப்பு எழுதணும்" என்றார் தணிகாசலம்.

"அதுக்கு இதுல இடம் இல்ல சார்."

"ஏங்க, மணி ஒம்போதரை!" என்று சிவபாக்கியம் போட்ட சத்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். நான்கு எலுமிச்சையும் நசுங்க, கார் கிளம்பியது.

வழியில் ஒரு பைன் மரத்திலிருந்து பெரிய காய் ஒன்று கூரையில் விழுந்தது. கூரை நசுங்கியது. "பரவாயில்ல, பரம நிம்மதி இருக்கு" என்றார் தணிகாசலம். முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தது. "இருக்கட்டும், எடுத்திருக்கோம்ல" என்றார். அந்த ஊரில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அவர் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்கியதில் பக்கக் கண்ணாடி ஒன்று யார் வீட்டு வாசல் தூணிலோ இடித்து உடைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் பயந்தார். பயந்தால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டில் நூற்றுப் பத்து ஓட்டை. நடுவில் பிடித்த மழையில் குங்குமம் மொத்தமும் கரைந்து ஓடிவிட்டது.

மகளின் ஊர்க் கிளைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. ஒரு கரடி வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து, மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றியது.

"என்ன சார் இது?"

"பரம நிம்மதி எடுத்திருக்கேன்" என்றார் தணிகாசலம் மிடுக்காக. "பக்கம் மூணு, பத்தி ரெண்டு. எல்லாச் சேதமும் அடக்கம்."

"அதுக்கு அடுத்த வரி சார். கூரை தவிர."

"சரி, முன்கண்ணாடி?"

"பக்கம் பதினொண்ணு. கண்ணாடிங்க தவிர. பதினாலுல சீட்டு தவிர. டயரும் அடிப்பாகமும் முப்பதாம் பக்கத்துல."

"அப்போ எதுக்குத்தான் இன்சூரன்ஸ்?"

கரடி யோசித்தது. "கதவு சார். அதுவும் மூடியிருக்கும்போது." பிறகு ஒரு கட்டுப் படிவங்களை எடுத்தது. "சேத அறிக்கையை மூணு பிரதி நிரப்பணும். சம்பவம் நடந்த ஊர்ப் போலீஸ்கிட்ட திரும்பிப் போய்ச் சான்றிதழ் வாங்கணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும். அதுவரைக்கும் பாஸ்போர்ட் இங்க இருக்கட்டும்."

எதிர்ச் சாரியில் மகள் வீட்டு வாசலில் மாக்கோலம் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேகலா வாசலுக்கும் தெருவுக்குமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவபாக்கியம் வளையல் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். தணிகாசலம் தலை குனிந்து நின்றார். படித்துப் படித்து மகளின் நல்ல நேரத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. கரடி முறைப்படி, கார் எடுத்தபோது பதிந்த பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்தது. திரையைப் பார்த்தது. காரைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது.

"கூரை நசுங்கல், ஏற்கெனவே இருக்கு. முன்கண்ணாடி உடைசல், இருக்கு. பக்கக் கண்ணாடி ரெண்டும் உடைசல். சீட்டு கிழிசல்." கரடியின் குரல் இறங்கியது. "சார், இதுல ரெண்டு பக்கக் கண்ணாடியும் போச்சுன்னு இருக்கு. நீங்க ஒண்ணைச் சரி பண்ணியே கொண்டுவந்திருக்கீங்க!"

தணிகாசலம் வாயைத் திறந்தார். முப்பத்து நான்கு வருடம் தப்பான பதிவைத் திருத்தியே பழகிய வாய். "இல்ல, அது வந்து, குங்கு..." என்பதற்குள் சிவபாக்கியம் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நான் சொல்வேன்.

"இப்படிப்பட்ட வண்டியை உங்க தலையில கட்டினதுக்கு கம்பெனி சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று கரடி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தது. இருவரும் தெருவைத் தாண்டி ஓடினார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மேகலாவின் கையில் முதல் வளையல் ஏறியது. புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலத்திடம் சம்பந்தி, "கார் எடுத்ததுல தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்தார்.

"எல்லாம் படிச்சுப் பாத்து எடுத்தா ஒரு தொந்தரவும் வராது" என்றார் தணிகாசலம்.

அந்தக் கிளையிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வெளியேறிய வாடிக்கையாளர் அதுவரை யாரும் இல்லையாம். தலைமை அலுவலகத்து நரிகள் கூடி, ஒட்டகச்சிவிங்கியையும் கூப்பிட்டு விசாரித்து, மூன்று நாள் ஆராய்ந்தன. இப்போது அந்தக் கவுண்டரில் நான்காவதாக ஒரு தாள் இருக்கிறது. அதன் பெயர் பரம நிம்மதி ப்ளஸ். ஒரு பொட்டலம் குங்குமம், கொஞ்சம் சந்தனம், நான்கு எலுமிச்சை. இருப்பதிலேயே விலை அதிகம் அதற்குத்தான். இருந்தும் தினமும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. நிபந்தனைகள் நூற்றிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில், மழையில் கரையும் பொட்டுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

நீதி: எதையும் வாடகைக்கு எடுக்கும் முன், அது ஏற்கெனவே நாசமாய்ப் போய்விட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்கள்தான்.