வார்டன் அம்மாவின் ஆரணிப் பட்டு

சென்னை,
12-8-1981, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா ஜெயவேல் அவர்கள் சமூகத்துக்கு, அக்காள் மகள் குணசுந்தரி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் உடம்பு மட்டும் சுகம். நீங்களும் அத்தையும் குழந்தைகளும் எல்லா வகையிலும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்ட வேண்டாம். வருகிற சனிக்கிழமை வழக்கம்போல் சேலை மூட்டையோடு சென்னைக்கு வரும்போது, விடுதிக்கு வந்து வார்டனைப் பார்த்துவிட்டு என்னை ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள். காரணம் பின்வருமாறு.

கல்லூரி திறந்து ஆறு வாரம் ஆகிறது. பி.எஸ்ஸி. பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கிறது. புரியவில்லை, அது போகட்டும். பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய சங்கடம். நம் வீட்டில் உட்கார்ந்தால் தறியில்தான் உட்காருவோம், கால் தானாக மிதிக்கும். இங்கேயும் மிதித்திருக்கிறது, எனக்கே தெரியாது. பெஞ்சில் இருந்த ஐந்து பேருடைய நோட்டும் ஆடியிருக்கிறது. பக்கத்தில் உட்காரும் போளூர்ப் பெண் அபிதகுசாம்பாள், "இன்னாடி, கால ஒதைச்சிகினே கீற, வலிப்பா?" என்று கேட்டாள். அதைக் கேட்ட கெமிஸ்ட்ரி மேடம் பயந்துபோய் என்னை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் முழங்காலில் சின்ன சுத்தியால் தட்டினார், கால் அவரையே ஒரு உதை விட்டது, நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு வேளை குடிக்கிறேன். கால் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது, பசி மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. மெஸ்ஸில் மூன்றாம் தடவை சோறு கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. திங்கட்கிழமை விடுதியில் எங்களுக்கு வரவேற்பு விழா வைத்தார்கள். வார்டன் ரங்கம்மாள் அரக்கு நிறச் சேலையில் வந்தார். எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றார்கள். "அசல் ஆரணிப் பட்டு" என்றார் வார்டன். அப்புறம் நான் இருப்பது ஞாபகம் வந்து, "நீ ஆரணிதானே, சொல்லேன்" என்று கூப்பிட்டார். நம் ஊரில் சேலையைக் கண்ணால் பார்த்து யார் சொல்லியிருக்கிறோம்? முந்தானையை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இது பட்டு இல்லீங்க மேடம், ஆர்ட் சில்க்குங்க" என்று சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். வார்டன் முகம் சிவந்து, "எப்படிச் சொல்ற? நிரூபி பாக்கலாம்" என்றார். நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வது? முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழையைப் பிரித்து, மேடையில் எரிந்த குத்துவிளக்கில் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி கருகுகிற வாடை வரவேண்டும். வந்தது காகிதம் எரிகிற வாடை. முன்வரிசையில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வாடை போயிருக்கும்.

மறுநாள் காலையில் என் அறை வாசலில் ஒன்பது பேர் சேலையும் தீப்பெட்டியுமாக நிற்கிறார்கள். முடியாது என்றால் சீனியர்கள் விடுவார்களா? ஒன்பதில் நாலு தேறவில்லை. அதில் ஒன்று மூன்றாம் வருஷம் படிக்கும் கண்ணகி அக்காவின் நிச்சயதார்த்தச் சேலை, மாப்பிள்ளை வீட்டில் எடுத்தது. அவர் அழுதுகொண்டே வீட்டுக்கு டிரங்க் கால் போட்டார். அவருடைய அம்மா சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போயிருக்கிறாராம். இன்று காலை வார்டன் என்னைக் கூப்பிட்டு, விடுதியில் நெருப்பு வைத்ததற்காகவும் மற்றதற்காகவும் சனிக்கிழமை கார்டியன், அதாவது விடுதிப் படிவத்தில் ஊரிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிய நீங்கள், வந்தால்தான் மேற்கொண்டு இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். யாரும் என்னோடு பேசுவதில்லை. அபிதகுசாம்பாள்கூட, "ஏன்டி, நல்லாகீதுன்னு சொல்லிட்டுப் போனா இன்னா கொறைஞ்சி பூடும்?" என்று திட்டினாள். மாமா, எனக்குப் படிக்க ஆசைதான். ஆனால் இங்கே பயமாக இருக்கிறது. எப்போது எதைச் சொல்லக்கூடாது என்று தெரியவில்லை. நம் தெருவில் யாருமே போகாத படிப்புக்கு நான் மட்டும் ஏன் வந்தேன் என்று அழுகை வருகிறது. அவசியம் வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டதாகச் சொல்லவும். தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற அம்மனை வேண்டும்,

அன்புள்ள அக்காள் மகள்,
குணசுந்தரி

பி.கு.: தபாலில் போடப் போகும்போது வார்டன் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "நல்ல நாள்ல மட்டும் கட்டணும்னு எட்டு மாசமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். நீ சொல்லலன்னா ரிடையர் ஆகற வரைக்கும் அதையே கட்டிகினு ஏமாந்திருப்பேன். ஒரு தப்பும் இல்ல, நீ இருந்து படி" என்றார். என் தலையைக்கூடத் தடவிக்கொடுத்தார். பிறகு பீரோவைத் திறந்து சேலைக்கு உண்டான பில்லை எடுத்து என் கையில் கொடுத்தார். டீச்சர்கள் சங்கத்தில் மூட்டையை விரித்து விற்ற ஆள் எழுதிக்கொடுத்ததாம். பில்லில் பெயர் இல்லை, கீழே ஒரு கையெழுத்து மட்டும்தான். எழுத்துக் கூட்டி யாராலும் படிக்க முடியாது. உங்கள் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற எனக்கு மட்டும் முடிந்தது. அதே கையெழுத்தோடு என் விடுதிப் படிவமும் அதே பீரோவில் இருக்கிறது, இன்னும் அவர் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை. "உங்க கார்டியனும் ஆரணில பட்டு வியாபாரம்தானே? சனிக்கிழமை வரட்டும். ஆளோட முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, அடையாளம் சொல்றேன், கண்டுபிடிச்சுக் குடுக்கட்டும்" என்றார்.

ஆகவே சனிக்கிழமை வர வேண்டாம். இந்த மூன்று வருஷமும் இந்தப் பக்கமே வர வேண்டாம். உங்களுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறேன், அதைச் சொல்லவே நாக்கு நாலு தடவை குழறியது. அசல் பட்டில் அரக்கு நிறச் சேலை ஒன்றை அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள், நான் இழை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வார்டனிடம் கொடுப்பேன். நான் ஊருக்கு வருவதாக இல்லை, இங்கேயே படிக்கிறேன். வந்தால் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்பாள். அம்மாவிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.