லாரி மேல் ஏறிய சர்வே அக்கா

ஜொகூரில் இரண்டிடமிருந்து தப்பியவர் கிடையாது. ஒன்று, சிங்கப்பூர் பாலத்து நெரிசல். இன்னொன்று, சர்வே அக்கா. நெரிசலாவது சில நாள் மனமிரங்கும்.

ஜொகூர் பாருவில் ஒரு தொலைக்கல்விப் பல்கலைக்கழகத்தின் கிளை மையத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அவர் ஆய்வு அதிகாரியாக வந்து சேர்ந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிக்கும் எங்கள் மாணவர்கள் பாடங்களை எதில், எப்படிப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

வந்த வாரமே நாற்பது கேள்விகளோடு ஒரு படிவம் அனுப்பினார். எல்லோரும் ஒரே மாதிரி பதில் எழுதியிருந்தார்கள்: மடிக்கணினி, மேசை, தினமும் இரண்டு மணி நேரம். மேலாளருக்குப் பரம திருப்தி. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பொய் லா தம்பி. இவ்வளவு நல்ல புள்ளைங்கள நான் பார்த்ததே இல்ல. நேர்ல போயி பார்ப்போம்."

முதலில் கெலாங் பாத்தா. விடியற்காலையில் சிங்கப்பூருக்குக் கிளம்பும் தொழிற்சாலைப் பேருந்தில் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். எங்கள் மாணவர் ஒருவர் காதில் பாடம் ஓட, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். அக்கா தோளைத் தட்டினார்.

"படிக்கிறீங்களா, தூங்குறீங்களா?"

"ரெண்டும்தான் அக்கா. பாடம் ஓடலன்னா எனக்குத் தூக்கம் வராது."

அக்கா சிரிக்கவில்லை. படிவத்தில் 'உறங்கியபடி கேட்பவர்' என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். வரைந்து முடிப்பதற்குள் பேருந்து எல்லைக்கு வந்துவிட்டது. இருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. எங்களை இறக்கி விசாரித்த குடிநுழைவு அதிகாரியிடமும் அக்கா ஒரு படிவத்தை நீட்டினார். அவரும் நிரப்பிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து எங்களிடமே படிக்கச் சேர்ந்தார்.

அடுத்தது சாஆ என்ற சிற்றூர். அங்கே செம்பனைத் தோட்டத்து ஆபீசில் தேவி என்ற மாணவி கணக்கெழுதும் கிராணியாக இருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒலிப்பாடங்களை மட்டும் கேட்டே இரண்டு வருடம் தேறியிருந்தாள்.

"வீடியோவெல்லாம் ஓடாது அக்கா. உரக்கொட்டகை பக்கத்துல பழைய லாரி நிக்குது பாருங்க, அது மேல ஏறினா கொஞ்சம் லைன் கிடைக்கும்."

ஐம்பத்து மூன்று வயது அக்கா செருப்பைக் கழற்றினார், சேலையைச் செருகினார், ஏறிவிட்டார். ஏறியது இரண்டு நிமிடம். இறக்குவதற்கு ஓர் ஏணியும் மூன்று ஆட்களும் முக்கால் மணி நேரமும் தேவைப்பட்டன.

அந்த மாதமே தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒலிப்பாடங்கள் நிறுத்தம், இனி எல்லாம் நேரலை வீடியோ, முகம் தெரியாதவருக்கு வருகைப் பதிவு இல்லை. தேவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்ப நான் நின்னுக்கிறேன் அக்கா. படிச்ச வரைக்கும் போதும்."

அன்று முழுவதும் அக்கா யாரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அலுவலகமே பயந்துவிட்டது.

தலைமையகம் கூட்டிய இணையவழி ஆய்வுக் கூட்டத்தன்று அவர் நாற்காலி காலியாக இருந்தது. திரையைப் பார்த்த மேலாளர், "அலமாக், போச்சு," என்று முனகினார். அக்கா சாஆவில் அந்தப் பழைய லாரியின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம். நம்ம மாணவர்கள்..." என்றதோடு வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி உறைந்துவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து உயிர் வந்தது. "அதனாலதான் சார்..." மறுபடியும் உறைந்தார். பெரிய பெரிய பேராசிரியர்கள் அந்த அரைக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பொறுமையிழந்த கூட்டத் தலைவர், படத்தை மூடிவிட்டுக் குரலில் மட்டும் பேசச் சொன்னார். மூடியதும் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"இப்ப கேக்குதா சார்?"

நன்றாகக் கேட்கிறது என்றார் தலைவர்.

"இதான் சார் என் அறிக்கை. வேற ஒண்ணும் இல்ல."

கீழிருந்து தேவியின் குரலும் கேட்டது: "அக்கா, ஓரமா போகாதீங்க, விழுந்துடப் போறீங்க."

உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள்; ஒலிப்பாடங்கள் தொடர்ந்தன. தேவி பட்டம் வாங்கினாள்.

மறு வருடம் அக்காவை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். அவருடைய பழைய கார் சாலைத் திருப்பத்தில் மறைந்த பிறகும், மேலாளர் உட்பட நாங்கள் ஐந்து பேரும் நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே போகலாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.